புது வீட்டுக்கு இன்ஜினியரைக் கூட்டிப்போக வேண்டுமா? வடசென்னையில் முதல்முறை வாங்குபவர்களுக்கு

"புது வீடுதானே, இதில் பார்க்க என்ன இருக்கு?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். பழைய வீடு வாங்கப் போகும்போது நாலு பேரைக் கூட்டிப்போய்ச் சுவரைத் தட்டிப் பார்ப்பவர்கள்கூட, புது ஃப்ளாட் என்றால் டைல்ஸ் நிறத்தையும் கிச்சன் மேடையையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் பழைய வீட்டில் குறை ஒளியாது. பத்து மழையைப் பார்த்த சுவர், எங்கே ஒழுகும், எங்கே ஓதம் ஏறும் என்று ஏற்கெனவே காட்டிக்கொடுத்திருக்கும். புது வீடு இன்னும் ஒரு மழையைக்கூடப் பார்க்கவில்லை. பட்டி பார்த்து இரண்டு கோட் பெயின்ட் அடித்த சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கட்டியவருக்கும் மேஸ்திரிக்கும்தான் தெரியும்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடசென்னையில், அதுவும் சின்ன பில்டர் கட்டிய கட்டடத்தில் வாங்குகிறீர்கள் என்றால், கடைசித் தவணை கைமாறும் முன் ஒரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரை (கட்டடத்தின் உறுதியைச் சோதிக்கத் தெரிந்த பொறியாளர்) காசு கொடுத்துக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பணம் முழுவதும் கொடுத்து, பத்திரம் முடித்து, பால் காய்ச்சிய பிறகு கூட்டிப்போனால் அவர் அதே குறையைத்தான் சொல்லுவார். ஆனால் அதைச் சரிசெய்ய வைக்க உங்கள் கையில் எதுவும் இருக்காது. அவர் எவ்வளவு பெரிய நிபுணர் என்பதைவிட, எந்த நாளில் வருகிறார் என்பதுதான் முக்கியம்.

எல்லோருக்கும் இது கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். அதனால் முதலில் உங்கள் கட்டடம் எந்த வகை என்று பாருங்கள்.

படி 1: கட்டடம் ரெராவில் பதிவானதா?

2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தை எல்லோரும் ரெரா என்கிறோம். அதன் 14-ஆவது பிரிவு வாங்குபவருக்கு நல்ல பிடிமானம் தருகிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து, அதை பில்டரிடம் சொன்னால், 30 நாட்களுக்குள் அவர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். செய்யாவிட்டால் நஷ்டஈடு கேட்கலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தில், நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் போகாவிட்டாலோ, மொத்த வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டாலோ பதிவு தேவையில்லை என்றும் இருக்கிறது. 500 சதுர மீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டேகால் கிரவுண்டு. இப்போது பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் தெருக்களை நினைத்துப் பாருங்கள். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு ஒரு கிரவுண்டிலோ அரை கிரவுண்டிலோ கீழே பார்க்கிங், மேலே நாலு வீடு, ஆறு வீடு என்று கட்டுவதுதான் இங்கே வழக்கம். அவற்றில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். சின்னக் கட்டடங்களுக்கு நிறைவுச் சான்றிதழ் வாங்குவதிலும் தமிழ்நாட்டு விதிகள் தளர்வு கொடுத்திருக்கின்றன. ஆக, வேலை முடிந்த பிறகு ஓர் அதிகாரிகூட வந்து பார்க்காமலேயே அந்த வீடு உங்கள் கைக்கு வரலாம்.

தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் பில்டர் பெயரையோ திட்டத்தின் பெயரையோ போட்டுத் தேடினால், பதிவு எண் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். விளம்பரத்தில் போட்டிருக்கும் எண்ணையும் அங்கே ஒருமுறை சரிபாருங்கள். பதிவு இருந்தால் ஒரு துணை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பதிவு இல்லாத கட்டடத்தில் பிறகு சண்டை போடுவது கஷ்டம். அதனால் முன்கூட்டியே பார்ப்பதுதான் பாதுகாப்பு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெரிய கம்பெனி ஃப்ளாட்டுக்கு இன்ஸ்பெக்‌ஷன் ஆட்களை வரவழைக்கிறார்கள். நாலு வீட்டுக் கட்டடத்தில் வாங்கும்போது "தெரிஞ்சவர்தான் கட்டுறார்" என்று விட்டுவிடுகிறார்கள்.

படி 2: "பேங்க் இன்ஜினியர் பார்த்துட்டார்" என்பதை நம்ப வேண்டாம்

வீட்டுக்கடன் வாங்கினால் பேங்க் சார்பில் ஒருவர் வருவார். நாலு போட்டோ எடுப்பார், அளப்பார், போய்விடுவார். அவர் மதிப்பீட்டாளர். கொடுக்கிற கடனுக்கு அந்தச் சொத்து தாங்குமா, பிளானில் உள்ளபடி கட்டடம் நிற்கிறதா என்று பேங்குக்குச் சொல்வது அவர் வேலை. பாத்ரூமில் தண்ணீர் தேங்குகிறதா, கம்பிக்கு மேல் எவ்வளவு காங்கிரீட் இருக்கிறது என்பதெல்லாம் அவர் கணக்கில் வராது. பேங்க் வக்கீல் கொடுக்கும் லீகல் ஒப்பீனியனும் பத்திரத்தைப் பற்றியது, சுவரைப் பற்றியது அல்ல.

படி 3: ஏரியாவைப் பொறுத்துக் கவலை மாறும்

வடசென்னை முழுக்க ஒரே மண் இல்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே முதல் எதிரி உப்பு. கொளத்தூர், மாதவரம், ரெட்டேரி, புழல் பக்கம் ஏரிகளை ஒட்டிய நிலம். அங்கே தண்ணீர் தேக்கமும், மேடாக்கக் கொட்டிய மண் சரியாக இறுகியிருக்கிறதா என்பதும் பிரச்சினை. வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் பல தெருக்கள் தாழ்வானவை. மணலி, எண்ணூர் பகுதிகளில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் வந்தது.

இதற்கெல்லாம் நிபுணர் வேண்டியதில்லை. தெருமுனை டீக்கடையிலோ இஸ்திரி வண்டிக்காரரிடமோ, "அண்ணே, 2015-ல இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? 2023-ல?" என்று கேளுங்கள். கையைக் காட்டியே சொல்லிவிடுவார்கள். அந்த மட்டத்துக்கு மேலே உங்கள் கட்டடத்தின் பேஸ்மென்ட் (தரைத்தளம் நிற்கும் மேடை) இருக்கிறதா, மின்மீட்டர் போர்டு இருக்கிறதா, சம்ப் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். தெருவை ஒவ்வொரு முறை புதிதாகப் போடும்போதும் அது உயரும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்று தெருவுக்கு ஒரு அடி மேலே இருக்கும் பார்க்கிங், சில ஆண்டுகளில் தெருவோடு சமமாகிவிடலாம்.

படி 4: இன்ஜினியர் வருமுன் நீங்களே பார்க்க வேண்டியவை

இன்ஜினியர் நேரத்துக்குக் காசு வாங்குபவர். குழாய் மூடவில்லை, கதவு உரசுகிறது என்பதைக் கண்டுபிடிக்க அவரைக் கூப்பிடுவது வீண். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டார்ச், டேப், ஒரு பத்து ரூபாய் நாணயம், ஒரு ரசமட்டம், பென்சில் எடுத்துக்கொண்டு போங்கள். வெளிச்சம் இருக்கும்போது போங்கள். சாயங்காலம் விளக்கு வெளிச்சத்தில் எந்தச் சுவரும் அழகாகத்தான் இருக்கும்.

நாணயத்தால் தரை டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள், நடுவிலும் நாலு மூலையிலும். கெட்டியான சத்தம் வந்தால் சரி. டொக்கென்று வெற்றுச் சத்தம் வந்தால் அடியில் கலவை நிரம்பவில்லை. நாளைக்கு அந்த இடத்தில் பீரோ கால் பட்டால் டைல் உடையும். அப்படிப்பட்ட டைலில் பென்சிலால் ஒரு குறி போட்டுக்கொண்டே போங்கள்.

பாத்ரூம் சோதனைதான் எல்லாவற்றிலும் முக்கியம். தண்ணீர் வடியும் ஓட்டையைத் துணியால் இறுக்கி அடைத்து, ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைச் சுவரில் குறித்துவிட்டு, ஒரு நாள் முழுக்க விடுங்கள். மறுநாள் மட்டம் வெகுவாக இறங்கியிருக்கிறதா, கீழ்வீட்டு பாத்ரூம் சீலிங்கில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். கீழ்வீட்டுக்குள் போக பில்டர் தயங்கினால், அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் அடைப்பை எடுத்துவிட்டுத் தண்ணீர் எங்காவது மூலையில் தேங்கி நிற்கிறதா என்று பாருங்கள். வாட்டம் சரியில்லாத பாத்ரூமை, டைல்ஸை உடைக்காமல் சரிசெய்ய முடியாது. குடிபோன பிறகு இதைச் செய்ய எந்த வீட்டம்மாவும் சம்மதிக்க மாட்டார்.

மின்சாரத்துக்கு டிபி பாக்ஸை, அதாவது வீட்டுக்குள் கரண்ட் பிரியும் பெட்டியைத் திறந்து பாருங்கள். அதில் எம்சிபிக்களோடு (லோடு மீறினால் விழும் சுவிட்சுகள்), டெஸ்ட் பட்டன் வைத்த ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்) ஒன்று இருக்க வேண்டும். கரண்ட் இருக்கும்போது பட்டனை அழுத்தினால் டப்பென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அது அங்கே இருந்தும் பயனில்லை. எர்த் சரியாக இருக்கிறதா என்பதை எலக்ட்ரீஷியன் வந்து மீட்டர் வைத்துப் பார்க்கட்டும். ஏசி, கீசர் பாயின்ட்டுக்கு 4 சதுர மி.மீ. வயர் போட்டிருக்கிறார்களா என்றும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். லைட்டுக்குப் போடும் வயரையே எல்லாவற்றுக்கும் இழுத்துவிடுவது சின்ன சைட்டுகளில் நடக்கிற வேலை.

மொட்டை மாடிக்குக் கட்டாயம் ஏறுங்கள். கடைசி மாடி வாங்குபவர் அங்கே ஒரு மணி நேரம் செலவிட்டாலும் தப்பில்லை. தட்டு ஓடுகளுக்கு இடையில் பாயின்டிங் (இடைவெளியை அடைக்கும் பூச்சு) விட்டிருக்கிறதா, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் கலவை வளைத்துப் பூசியிருக்கிறதா, மழைநீர்க் குழாய் வாய்க்கு வாட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். கோடையில் கட்டி முடித்த வீடு என்றால் ஹோஸ் பைப்பால் மேற்கூரையிலும் வெளிச்சுவரிலும் ஜன்னல் ஓரங்களிலும் தண்ணீர் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழைக்கு மறுநாள் போய்ப் பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை கிடையாது. பில்டர் "இந்த மாசமே பதிவு முடிச்சிடலாம்" என்று அவசரப்படுத்தினாலும், மழைக்காலம் பக்கத்தில் இருந்தால் ஒரு மழை வரட்டும் என்பதுதான் என் கட்சி.

சம்ப் எங்கே, கழிவுநீர்த் தொட்டி எங்கே என்று கேளுங்கள். ஒரு கிரவுண்டில் இரண்டும் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர் இருந்தால், அது கசிகிற நாளில் குடிநீரோடு கழிவுநீர் கலந்துவிடும். இதை இன்ஜினியரின் பட்டியலிலும் சேர்த்துவிடுங்கள்.

படி 5: விரிசலைப் படிப்பது

புது வீட்டில் விரிசலே இருக்கக் கூடாது என்று எதிர்பார்க்க வேண்டாம். பூச்சு காயும்போது முடி அளவுக்கு மெல்லிய கோடுகள் வலைபோல் விழும். தண்ணீர் விட்டு நனைத்தது போதவில்லை என்று அர்த்தம்; பட்டியும் பெயின்ட்டும் அதைச் சமாளித்துவிடும். பீமுக்கும் செங்கல் சுவருக்கும் நடுவில் நீளமாக ஓடும் கோடு இன்னொரு வகை. காங்கிரீட்டும் செங்கலும் வெயிலில் வெவ்வேறு அளவில் விரியும் என்பதால், அந்த இடத்தில் வலைக்கம்பி வைத்துப் பூச வேண்டும். வைக்காமல் விட்டிருப்பார்கள். எரிச்சலான குறை, ஆனால் ஆபத்தில்லை.

கவலைப்பட வேண்டியது மூன்று. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி ஓடும் விரிசல். செங்கல் வரிசைகளைத் தொட்டுப் படிப்படியாக இறங்கும் விரிசல். பீம், பில்லர், சன்ஷேடு ஆகியவற்றில் கம்பி ஓடும் திசையிலேயே ஓடி, ஓரத்தில் பழுப்பாகக் கறை படிந்திருக்கும் விரிசல். முதல் இரண்டும் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குவதைச் சொல்லலாம். மூன்றாவது உள்ளே துரு பிடித்திருப்பதைச் சொல்கிறது. ஏடிஎம் கார்டு நுழையும் அகலத்தில் எது இருந்தாலும், அது எங்கே இருந்தாலும், இன்ஜினியர் பார்க்காமல் மேலே நகராதீர்கள். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு மாதத்தில் அந்தக் கோட்டைத் தாண்டிப் போனால் அது வளர்கிற விரிசல்.

பூச்சுக் குறையும் கட்டமைப்புக் குறையும் வேறு வேறு என்பதற்கு வடசென்னையிலேயே இரண்டு சாட்சி உண்டு. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில், புதிதாகக் குடிவந்தவர்கள் கையால் சுரண்டினாலே சுவர்ப்பூச்சு உதிர்கிறது என்று காட்டினார்கள். அரசு ஐஐடி நிபுணர்களை வைத்து ஆய்வு செய்தது. அதே ஆண்டு டிசம்பர் 27-ஆம் தேதி திருவொற்றியூர் அரிவாக்குளத்தில், 1993-இல் கட்டிய குடியிருப்புக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தது. விரிசல்களைப் பார்த்துப் பயந்த மக்கள் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டதால் உயிர் தப்பினார்கள். முதல் கட்டடம் புதுசு, இரண்டாவது பழசு. பூச்சு உதிர்வதைப் பார்த்ததும் வீடே விழப்போகிறது என்று பதற வேண்டியதில்லை; பூச்சு பளபளப்பாக இருப்பதால் வீடு உறுதி என்றும் நினைக்க வேண்டியதில்லை. எது எது என்று பிரித்துச் சொல்லத்தான் இன்ஜினியருக்குக் காசு கொடுக்கிறோம்.

படி 6: உப்பு, கம்பி, கவர்

கடலோர வடசென்னையில் நிபுணர் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு முழுக் காரணம் இதுதான். இதை நீங்களோ நானோ கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சாதாரணமாகத் துருப்பிடிக்காது. சிமென்டின் காரத்தன்மை அதைக் காப்பாற்றும். உப்பில் இருக்கும் குளோரைடு உள்ளே போய்விட்டால் அந்தக் காப்பு உடைந்துவிடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால் உள்ளிருந்து தள்ளிக் காங்கிரீட்டைப் பிளக்கும். சீலிங்கிலிருந்து துண்டு துண்டாகக் காங்கிரீட் விழுந்து கம்பி பல்லிளிப்பதைப் பழைய கடலோரக் கட்டடங்களில் பார்த்திருப்பீர்கள். கதை அதுதான்.

உப்பு மூன்று வழியில் வரும்: காற்று, மணல், தண்ணீர். காற்றை ஒன்றும் செய்ய முடியாது. மணலும் தண்ணீரும் பில்டர் கையில் இருக்கின்றன. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுப் பழைய கதை. கடலை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அந்தத் தண்ணீரிலேயே கலவை போட்டு, அதையே விட்டு நனைத்திருந்தால், வீடு பிறக்கும்போதே உப்போடு பிறந்திருக்கிறது. இந்திய தர விதியான ஐஎஸ் 456, கம்பி போட்ட காங்கிரீட்டில் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. "எந்தத் தண்ணியில கட்டுனீங்க, டேங்கர் தண்ணியா, போரா?" என்று பில்டரிடம் கேளுங்கள். அப்புறம் வாட்ச்மேனிடமும் தனியாகக் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் சந்தோஷம்.

அடுத்தது கவர். கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் இருக்கும் காங்கிரீட்டின் தடிமனைத்தான் கவர் என்கிறார்கள். அதே ஐஎஸ் 456, கடலோரச் சூழலில் நேரடியாகக் காற்றுப்படும் காங்கிரீட்டுக்கு 45 மி.மீ. கவரும், எம்30 என்ற உறுதித் தரத்தில் காங்கிரீட்டும் கேட்கிறது. உள் அறை போன்ற சாதாரணச் சூழலுக்கு 20 மி.மீ. போதும். சின்ன சைட்டில் மேஸ்திரிக்குத் தெரிந்தது பெரும்பாலும் அந்த 20 மட்டும்தான். அதிலும் கம்பியைத் தூக்கிப்பிடிக்கும் கவர் பிளாக் வைக்காமல் ஒரு ஜல்லியை முட்டுக் கொடுத்துவிட்டுக் காங்கிரீட் கொட்டினால், கொட்டும் வேகத்தில் ஜல்லி நகர்ந்து, கம்பி சென்ட்ரிங் பலகையிலேயே படுத்துவிடும்.

திருவொற்றியூரில் உறவினர் ஒருவர் மூன்றாம் மாடியில் வாங்கவிருந்த வீட்டுக்கு, இன்ஜினியரோடு நானும் போயிருந்தேன். கடலைப் பார்த்த பால்கனி. சன்ஷேடு அடியில் அவர் கவர் மீட்டர் என்ற கையடக்கக் கருவியை வைத்து மெதுவாக நகர்த்தினார். கம்பி வரும் இடத்தில் அது பீப் என்றது. திரையில் 11 என்று விழுந்தது, அரையடி தள்ளி 14, அடுத்து 9. எல்லாம் மில்லிமீட்டர். பூச்சுக் கனத்தையும் சேர்த்துத்தான் இந்த எண். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று, "சார், சன்ஷேடுதானே சார், இது மேல யாரு நிக்கப்போறா?" என்றார். இன்ஜினியர் அவருக்குப் பதில் சொல்லவில்லை. சாக்பீஸால் அந்த மூன்று இடத்திலும் வட்டம் போட்டுவிட்டு பில்லருக்கு நகர்ந்துவிட்டார். பில்லர்களில் நாற்பதுக்கு மேல் வந்தது. ஆக, கட்டடத்தின் எலும்பு சரி, கடல் காற்று படும் ஓரங்களில் அலட்சியம் என்பது அறிக்கை. வாங்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கடலைப் பார்த்த பக்கம் எல்லாவற்றுக்கும் பாதுகாப்புப் பூச்சு கொடுத்து, சன்ஷேடுகளை பில்டர் சரிசெய்து கொடுத்த பிறகு பதிவு நடந்தது.

படி 7: யாரைக் கூப்பிடுவது

தெரிந்த மேஸ்திரி, சொந்தத்தில் சிவில் படித்த பையன், வீட்டு இன்ஸ்பெக்‌ஷன் கம்பெனி, ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் என்று நாலு பேர் இருக்கிறார்கள். மேஸ்திரியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். பூச்சு, டைல்ஸ், வாட்டம் விஷயத்தில் நல்ல கொத்தனார் கண்ணுக்குத் தப்பாது. தூக்குக் குண்டை விட்டுப் பார்த்தே சுவர் சாய்ந்திருப்பதைச் சொல்லிவிடுவார். ஆனால் அவர் சொன்னதை நாளைக்கு ரெரா ஆணையத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ காட்ட முடியாது. இன்ஸ்பெக்‌ஷன் கம்பெனிகள் போட்டோ போட்டு நீளமான அறிக்கை தருவார்கள். வயரிங், ஈரம், டைல்ஸ் எல்லாவற்றுக்கும் அது பயன்படும். எண்பது பக்க அறிக்கையில் எழுபது பக்கம் பெயின்ட் கறையாக இருக்கும் ஆபத்தும் உண்டு. பெரிய அடுக்குமாடி என்றால் அவர்கள் போதும். கடலோரத்திலோ, மேடாக்கிய நிலத்திலோ, ரெரா பதிவில்லாத சின்னக் கட்டடத்திலோ வாங்கினால் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர்தான் என் தேர்வு. சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது மாநகராட்சியில் பதிவு செய்தவராக இருக்கட்டும்.

பேசும்போது இவற்றைத் தெளிவாகக் கேட்டுவிடுங்கள்:

- கவர் மீட்டரும் ரீபவுண்ட் ஹாமரும் கொண்டு வருவாரா? ஹாமர் காங்கிரீட்டின் மேல்பரப்பு உறுதியை ஓரளவுக்குச் சொல்லும்; சந்தேகம் வந்தால் ஒலி அலையைச் செலுத்திப் பார்க்கும் அல்ட்ராசோனிக் சோதனை, அதற்கும் மேலே தேவைப்பட்டால்தான் துளைபோட்டு எடுக்கும் கோர் டெஸ்ட்.
- கையெழுத்தும் பதிவு எண்ணும் போட்டு அறிக்கை தருவாரா? வாய்வார்த்தை போதாது.
- குளோரைடு சோதனை வேண்டுமென்றால் மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்புவாரா, அதற்குக் கட்டணம் தனியா?
- சரிசெய்த பிறகு இரண்டாம் முறை வந்து பார்ப்பாரா?

ஒரே ஒரு ஆளைத் தவிர்த்துவிடுங்கள். குறையைக் கண்டுபிடித்துவிட்டு, அதே மூச்சில் "வாட்டர்ப்ரூஃபிங் நாங்களே பண்ணித் தர்றோம் சார்" என்பவர். நோய் கண்டுபிடிப்பவரும் மருந்து விற்பவரும் ஒருவராக இருந்தால் எல்லோருக்கும் நோய் இருக்கும். பில்டர் சிபாரிசு செய்யும் இன்ஜினியரும் வேண்டாம், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

கட்டணம் சிலர் சதுர அடிக் கணக்கிலும் சிலர் மொத்தமாகவும் கேட்பார்கள்; இரண்டு மூன்று பேரிடம் விசாரியுங்கள். பத்திரப்பதிவுக்குக் கட்டப்போகும் தொகையோடு வைத்துப் பார்த்தால் இது சின்னச் செலவுதான்.

படி 8: பில்டரிடம் எப்படிச் சொல்வது

இங்கேதான் பலருக்குத் தயக்கம். "அவர் தப்பா நினைச்சுப்பாரோ?" என்று. ஒப்பந்தம் போடும்போதே ஒரு வரி சேர்த்துவிட்டால் இந்தச் சங்கடமே வராது: கடைசித் தவணைக்கு முன் வாங்குபவர் தன் செலவில் பொறியாளரை வைத்துச் சோதிக்கலாம், அவர் சொல்லும் குறைகளைச் சரிசெய்த பிறகே அந்தத் தவணை. ஒப்பந்தம் ஏற்கெனவே போட்டாகிவிட்டதா? பரவாயில்லை. "அண்ணே, எங்க மாமனார் பிடிவாதமா சொல்றார், ஒருதடவை இன்ஜினியரை வெச்சுக் காட்டிடலாம்" என்று வீட்டுப் பெரியவர் மேல் பழியைப் போடுங்கள். வடசென்னையில் இது நன்றாக வேலை செய்யும். "இருபது வருஷமா கட்றேன், ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்ததில்ல" என்று அவர் சொல்வார். "அதான் அண்ணே, உங்களுக்கும் நல்லதுதானே" என்று சொல்லிவிட்டுத் தேதி கேளுங்கள். நேர்மையான பில்டர் முணுமுணுத்துக்கொண்டாவது திறந்துவிடுவார். சாவியே தர மறுப்பவரிடம் மீதிப் பணத்தைக் கொடுக்கலாமா என்று யோசியுங்கள்.

கூடவே ஸ்ட்ரக்சரல் டிராயிங், மண் பரிசோதனை அறிக்கை, காங்கிரீட் கியூப் டெஸ்ட் (காங்கிரீட் கட்டியை நசுக்கி உறுதி பார்ப்பது) முடிவு மூன்றையும் கேளுங்கள். சின்ன பில்டரிடம் மூன்றும் இருக்காது. டிராயிங்காவது இருக்க வேண்டும். டிராயிங் கையில் இருந்தால் இன்ஜினியர் எங்கே எத்தனை கம்பி இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு தேடுவார், வேலை பாதி நேரத்தில் முடியும்.

படி 9: அறிக்கை வந்த பிறகு

குறைகளை மூன்றாகப் பிரித்துத் தரும்படி இன்ஜினியரையே கேளுங்கள்: பதிவுக்கு முன் கட்டாயம் சரிசெய்ய வேண்டியவை, குடிபோகும் முன் முடித்தால் போதுமானவை, கண்டுகொள்ளாமல் விடலாம் என்பவை. நாற்பது குறையை ஒன்றாக நீட்டினால் பில்டர் சுலபமான முப்பத்தைந்தைச் செய்துவிட்டு முக்கியமான ஐந்தை விட்டுவிடுவார்.

வாட்ஸ்அப்பில் போட்டோவோடு அனுப்பிவிட்டு, அதையே ஒரு பதிவுத் தபாலிலும் அனுப்பிவிடுங்கள். வேலை நடக்கும்போது முன், பின் என்று படம் எடுங்கள், குறிப்பாகப் பெயின்ட் அடிக்கும் முன்பு. சரிசெய்வதற்குப் பதில் விலையில் குறைத்துத் தருகிறேன் என்று சொன்னால், டைல்ஸ், கதவு போன்றவற்றுக்கு ஒத்துக்கொள்ளலாம். கசிவுக்கும் கம்பித் துருவுக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். குறைத்த தொகை முதல் ரிப்பேருக்கே பற்றாது.

பேச்சு முறிந்தால், ரெரா பதிவுள்ள திட்டத்துக்குத் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் புகார் செய்யலாம். பதிவில்லாத சின்னக் கட்டடத்துக்கு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்ட அந்த அறிக்கைதான் முதலில் பேசும்.

சாவி வாங்கும்போது தேதி போட்ட ஒப்படைப்புக் கடிதம் ஒன்றைக் கேட்டு வாங்கி, பத்திரத்தோடு வையுங்கள். ரெராவின் 5 ஆண்டுக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். ரெரா பதிவுள்ள வீடாக இருந்தால், நாலாவது வருஷ மழைக்காலம் முடிந்ததும் அதே இன்ஜினியரை இன்னொரு முறை கூப்பிட்டு, பால்கனியையும் பாத்ரூம் சீலிங்கையும் மொட்டை மாடியையும் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது கண்டுபிடிக்கும் குறையை பில்டர் கணக்கில் எழுத இன்னும் சில மாதங்கள் மிச்சமிருக்கும்.